1 ரூபாய் மலிவு ஜிப்

தாராவியில் தோல் பை தைக்கிறவர்களுக்கு இது. எங்களுக்கு ஜிப் போடும் வியாபாரி மற்றவர்களைவிட 1 ரூபாய் குறைவு, மாதம் 2,000 ஜிப், 2,000 ரூபாய் மிச்சம் என்று நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்புறம் நோட்டில் எழுதிப் பார்த்தால், "கல் பக்கா" (இந்தியில், நாளைக்கு நிச்சயம்) என்று சொல்லிச் சரக்கு வராத ஒரே நாளில் 4 தையல்காரர்களுக்குச் சும்மா கொடுத்த கூலி 3,200. பல் சிக்கிய ஜிப்பைப் பிரித்து மறுபடி தைத்த நேரம் தனி.

ஜிஎஸ்டி இன்னும் மோசம். அவர் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு) போடாவிட்டால் நம் 2பி-யில் (நாம் வாங்கிய பில்கள் ஜிஎஸ்டி தளத்தில் வரும் பட்டியல்) பில் ஏறாது, 2022 ஜனவரியிலிருந்து ஏறாத பில்லுக்கு உள்ளீட்டு வரிக் கழிவும் (வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிப்பது) கிடையாது. மாதாமாதம் 14-ஆம் தேதி 2பி வந்ததும் பாருங்கள். பில் ஏறினால்தான் வரித் தொகை தருவேன் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சண்டைதான். நான் பாதி ஆர்டரை வேறு கடைக்கு மாற்றிவிட்டேன்.