படை முகாமுக்கு அருகில் உள்ள கிணறு: நீரைப் பரிசோதிக்கவும் அரச அறிக்கைகளைப் பெறவும்

கிணற்றில் டீசல் மணம் வந்தால் முகாம் வாசலுக்குப் போய்க் கேட்கத்தான் முதலில் தோன்றும். அங்கே பெரும்பாலும் "பாதுகாப்பு விடயம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கை பாதுகாப்பு இரகசியம் அல்ல. அதைக் கண்காணிக்கக் கடமைப்பட்ட அலுவலகங்கள் வேறு. அவற்றிடம் நீரைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

முதலில் அந்த நீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். கொதிக்கவைத்தால் ஈயமோ நைத்திரேற்றோ போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

நீர்மேல் வானவில் நிறப் படலம் தெரிந்தால் குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து பிரிந்தே நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பக்டீரியா. சுழன்று மீண்டும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

மாதிரி எடுப்பதில்தான் பல முறைப்பாடுகள் தோற்கின்றன. கிணற்றுக்கட்டில் மண்ணெண்ணெய் வாட்டர் பம்ப் நின்றால், "உங்கள் பம்ப்தான் ஒழுகுகிறது" என்ற பதில் உடனே வரும். ஆகவே பம்ப் இல்லாத அயல் கிணறு ஒன்றையும் சேர்த்து, குறைந்தது மூன்று கிணறுகளில் எடுங்கள்: வேலிக்கு அருகில் ஒன்று, தூரத்தில் ஒன்று, நிலம் மேடாக உள்ள பக்கம் ஒன்று. மேட்டுக் கிணறு சுத்தமாகவும் பள்ளத்துக் கிணறு கெட்டும் இருந்தால் மாசு வரும் திசை புலப்படும். திருகோணமலைச் சீனக்குடாவில் இது மிக முக்கியம். விமானப்படைத் தளம், பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள், மாவு ஆலை எல்லாம் கிட்டக்கிட்ட இருப்பதால், ஆதாரமின்றி ஒருவரைச் சுட்டினால் மற்றவரைக் காட்டித் தப்பிவிடுவார்கள்.

எண்ணெய்ப் பரிசோதனைக்கு ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தல் வேண்டும். அதைக் கிணற்று நீரால் அலசக் கூடாது; எண்ணெய் சுவரில் ஒட்டி அளவு பிழைக்கும். பென்சீன் போன்ற ஆவியாகும் பொருட்களுக்கு 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். உலோகங்களுக்கு நைத்திரிக் அமிலம் இட்ட பிளாஸ்டிக் போத்தலை ஆய்வுகூடத்திலிருந்தே வாங்குங்கள். பக்டீரியாவுக்குக் கிருமிநீக்கிய போத்தல். 6 மணித்தியாலத்துக்குள் சேர்ப்பது நல்லது. எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். கூடுமானவரை பொதுச் சுகாதாரப் பரிசோதகரையே எடுக்கச் செய்து, திகதி, நேரம், கிணறு ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நீங்களே எடுத்த மாதிரியை நம்ப முடியாது என்று தட்டிக்கழிக்க இடம் இருக்காது.

விமானத் தளங்களில் தீயணைப்பு நுரையிலிருந்து வரும் நிலைத்த புளோரின் இரசாயனங்கள் (PFAS) வேறு விதம்: மணம் இல்லை, நிறம் இல்லை. அமெரிக்கா 2024இல் அவற்றில் இரண்டுக்குக் குடிநீரில் லீற்றருக்கு 4 நனோகிராம் என எல்லை வைத்தது. சாதாரணப் பரிசோதனையில் இவை தெரியாது. செய்ய முடியுமா என்று ஆய்வுகூடத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

அடுத்தது விண்ணப்பம். இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, மத்திய சுற்றாடல் அதிகார சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆகியவற்றுக்குத் தனித்தனியாகத் தமிழிலேயே எழுதலாம். கேள்விகள் இப்படி இருக்கட்டும்:

"எமது கிராம உத்தியோகத்தர் பிரிவில் 2020 முதல் எடுத்த கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கைகளின் பிரதிகள்."

"இந்த இடத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் அல்லது அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு உரிமம் வழங்கப்பட்டதா? ஆயின் அதன் பிரதியும், கள ஆய்வு நடந்த திகதிகளும்."

எத்தனை தாங்கிகள், எவ்வளவு எரிபொருள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் 5ஆம் பிரிவின் பாதுகாப்பு விலக்கைத் தாராளமாகக் கையில் கொடுத்தது போலாகும். குடிநீர் உயிரோடு தொடர்புடையது என்று காரணத்தோடு எழுதுங்கள். உயிர், தனிநபர் சுதந்திரம் சார்ந்த கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்துக்குள் பதில் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மற்றவற்றுக்கு 14 வேலை நாட்கள். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பொதுநலன் தீங்கை விஞ்சினால் மறுக்க முடியாது என்பதையும், இரகசியப் பகுதியை மறைத்து மீதியைத் தரலாம் என்பதையும் மேன்முறையீட்டில் குறிப்பிடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் எதையும் கையளிக்காதீர்கள்.

நீதிமன்றம் போவதானால், அடிப்படை உரிமை மனுவுக்கு உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதமே காலம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. யாழ்ப்பாணம் சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் மின்நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தச் சொன்னது. அந்தத் தீர்ப்பைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

ஒரே பரிசோதனையோடு நின்றுவிட வேண்டாம். வடகீழ்ப் பருவமழைக்கு முன் செப்டெம்பரிலும், மழை ஓய்ந்த பின் பெப்ரவரியிலும் அதே கிணறுகளில், அதே ஆழத்தில் எடுத்து, நீர்மட்டத்தையும் அளந்து எழுதி வையுங்கள்.