இட்ராகோனசோல் எடுத்துக்கொள்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படர்தாமரைக்குத் தோல் மருத்துவர்கள் பரவலாக எழுதித் தரும் இட்ராகோனசோல், தோலில் பற்றும் பூஞ்சைகளை மட்டுமல்லாமல் கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பிற பூஞ்சைகளையும் அடக்கவல்ல மருந்து. நம் உயிரணுச் சவ்வில் கொலஸ்ட்ரால் செய்யும் வேலையைப் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டீரால் செய்கிறது. அதை உருவாக்கும் நொதி ஒன்றின் நடுவிலுள்ள இரும்பணுவை இம்மருந்து பற்றிக்கொள்வதால், எர்கோஸ்டீரால் கிடைக்காமல் சவ்வு சீர்குலைந்து பூஞ்சையின் வளர்ச்சி நிற்கிறது.

தோல் பூஞ்சையைப் பொறுத்தவரை, வளர்ச்சி நிற்பதும் பூஞ்சை அழிவதும் ஒன்றல்ல. அரிப்பு அடங்கியதுமே கேப்சூலை நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. எஞ்சிய பூஞ்சை, மருந்தின் தடை விலகியதும் மீண்டும் படர்கிறது. நகத்தில் பற்றிய பூஞ்சைக்கு மாதத்தில் ஒரு வாரம் மட்டும் கொடுக்கும் முறை உண்டே என்று கேட்கலாம். மருந்து நகத்தை உருவாக்கும் கெரட்டின் என்னும் புரதத்தில் மாதக்கணக்கில் தங்குவதால் அங்கே அம்முறை பொருந்தும். அதைப் பார்த்துத் தோல் நோய்க்கும் தாமாகவே இடைவெளி விடுவது சரியன்று.

அடுத்தது வயிற்றோடு தொடர்புடையது. வழக்கமான கேப்சூல் கரைந்து உட்கிரகிக்கப்பட வயிற்றில் அமிலம் வேண்டும் என்பதால், முழுச் சாப்பாட்டுக்குப் பின் உடனே அதை விழுங்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றில் இதையும் விழுங்கிவிட்டு, 'மருந்து கேட்கவில்லை' என்று சொல்வதில் பொருளில்லை. இதே மருந்தின் திரவ வடிவத்தையோ வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும். ஒன்றின் விதியை மற்றதற்குப் பொருத்தக் கூடாது.

இவற்றினும் ஆபத்தானது, பிற மருந்துகளை மருத்துவரிடம் மறைப்பது. பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியான சிஒய்பி3ஏ4-ஐயும் இட்ராகோனசோல் முடக்குவதால், கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டின் இரத்தத்தில் தேங்கித் தசைகளைச் சிதைக்கக்கூடும். ஆகவே இரண்டையும் சேர்த்து எடுக்கக் கூடாது. இம்மருந்து இதயத்தின் சுருங்கும் ஆற்றலையும் குறைக்கக்கூடியது என்பதால், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் படர்தாமரைக்கோ நகப் பூஞ்சைக்கோ இதைத் தொடவே கூடாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'மூன்று மருந்துக் கலவை' களிம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதிலுள்ள குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு, சிவப்பையும் அரிப்பையும் இரண்டே நாளில் குறைத்துக் காட்டும். ஆனால் அப்பகுதியின் நோய் எதிர்ப்பையும் அது தணித்துவிடுவதால், வட்டமான விளிம்பு மங்கி, மருத்துவருக்கே அடையாளம் தெரியாதபடி பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும்.