மெக்கன்சிகள் எல்லோரும் உறவினர்கள் அல்லர்

தமிழக வரலாற்றைப் படிப்பவர்களுக்கு மெக்கன்சி என்றதும் நினைவுக்கு வருபவர், 1783இல் சென்னைக்கு வந்து, 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராகி, நாம் இன்று மெக்கன்சி சுவடிகள் என்று அழைக்கும் பெருந்தொகுப்பைத் திரட்டிய காலின் மெக்கன்சி. முதல் ஆப்கன் போரின்போது, 1842இல், பிணைக்கைதியாக இருந்த காலின் மெக்கன்சி வேறொருவர். அவரும் சென்னைப் படையைச் சேர்ந்தவர் என்பதால் இருவரையும் ஒருவராக எண்ணிவிடுவது எளிது. ஆனால் சுவடி திரட்டியவர் 1821இல் காலமானபோது இவருக்கு வயது 15தான். ஆண்டைப் பாராமல் பெயரை மட்டும் பார்ப்பதே இத்தகைய தவறுகளில் முதன்மையானது.

கனடாவில் இதே குழப்பம் இன்னும் பெரிது. மெக்கன்சி ஆற்றுக்குப் பெயர் தந்த அலெக்சாண்டர் மெக்கன்சி விலங்குகளின் மென்மயிர்த்தோல் வணிகர்; 1789இல் அந்த ஆற்றின் வழியே ஆர்க்டிக் கடலை எட்டியவர். 1793 ஜூலை 22 அன்று பசிபிக் கரையோரப் பாறையொன்றில், குங்குமச் சிவப்புச் சாயத்தைக் கொழுப்பில் குழைத்து, கனடாவிலிருந்து தரைவழியே வந்ததாகத் தம் பெயரையும் நாளையும் எழுதிவைத்தவரும் அவரே. 1873 முதல் 1878 வரை கனடாவின் பிரதமராக இருந்த அலெக்சாண்டர் மெக்கன்சியோ, முன்னவர் இறந்து 2 ஆண்டுகள் கழித்து, 1822இல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் பிறந்து, கல்தச்சராகப் பிழைப்பைத் தொடங்கியவர்.

சுவடி திரட்டிய காலினும் ஆறு கண்ட அலெக்சாண்டரும் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் உள்ள ஸ்டோர்னோவே என்ற ஊரில் பிறந்தவர்கள் என்று அறிந்தவுடன், இருவரையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடத் தோன்றும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தீவு மெக்கன்சி குலத் தலைவர்களின் கைக்கு வந்ததை நினைவில் கொண்டால், அந்த ஊரில் அப்பெயர் மலிந்திருந்ததில் வியப்பில்லை. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பகுதிகளில் குலத் தலைவரின் நிலத்தை உழுதவர்களும் அவரது பாதுகாப்பை நாடியவர்களும் அவர் பெயரையே தமதாக்கிக்கொண்டது உண்டு. ஆகவே குலப்பெயர் பல இடங்களில் சார்பைக் காட்டுமே தவிர, இரத்த உறவைக் காட்டாது. தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்கு இது சற்றுப் புதிதாகத் தோன்றலாம். கரீபியத் தீவுகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வழிவந்தோர் பலரும் ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளிகளின் பெயர்களைத் தாங்கியிருக்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது.

பெயரின் தொடக்கத்தை ஆங்கிலத்தில் 'மேக்' (Mac) என்று முழுதாக எழுதினால் ஸ்காட்லாந்தினர், 'எம்சி' (Mc) என்று சுருக்கினால் அயர்லாந்தினர் என்ற கூற்றை நம்ப வேண்டாம். இரண்டும் ஒன்றேதான், பழைய பதிவேடுகளில் ஒரே மனிதரின் பெயர் இரு விதமாகவும் காணப்படும்.

பெண் வழியை விட்டுவிடுவது இன்னொரு தவறு. கனடாவின் நெடுநாள் பிரதமர் வில்லியம் லயன் மெக்கன்சி கிங்கின் குடும்பப்பெயர் கிங் தான். நடுவில் உள்ள மெக்கன்சி தாயின் தந்தையிடமிருந்து வந்தது. டண்டீயில் பிறந்த அந்தப் பாட்டனார் டொரன்டோவின் முதல் மேயர், 1837 கிளர்ச்சியின் தலைவர். ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் மணமான பெண்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே குறிக்கப்பட்டார்கள் என்பது முன்னோரைத் தேடுபவர்களுக்கு நல்வாய்ப்பு. அதைப் பயன்படுத்தாமல் கணவர் பெயரில் மட்டும் தேடினால் பாதிக் குடும்பம் கைக்குச் சிக்காது.

கடைகளில் 'மெக்கன்சி குடும்பச் சின்னம்' என்று விற்கப்படுவதை வாங்கி மாட்டிக்கொள்வோரும் உண்டு. ஸ்காட்லாந்துச் சட்டப்படி மரபுச் சின்னம் குடும்பப்பெயருக்கு உரியதன்று, தனி ஒருவருக்கு உரியது; உரிமையின்றிப் பயன்படுத்துவோர் மீது எடின்பரோவில் உள்ள லார்ட் லயன் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்க முடியும். குலத்தைச் சேர்ந்தவர்கள் அணியத் தக்கது, தலைவரின் முடிச்சின்னத்தைச் (மரபுச் சின்னத்தின் உச்சியில் வரும் உருவத்தை) சுற்றி வார்ப்பட்டையும் கொக்கியும் வரையப்பட்ட வில்லை மட்டுமே. மெக்கன்சிகளின் வில்லையில் எரியும் மலையும், ஒளிர்கிறேன், எரியவில்லை என்னும் பொருள்படும் லத்தீன் வாசகமும் இருக்கும்.