கத்தரிக்காயின் மேல் ஒரு ஜன்னல்

நீர்வண்ணத்தில் முதலில் எதை வரையலாம் என்று யாராவது கேட்டால் கத்தரிக்காய் என்பேன். பெரும்பாலும் சிரிப்பார்கள். ரோஜா, பூங்கொத்து, கண்ணாடிக் குவளை என்று மனசில் ஒரு படம் ஏற்கெனவே இருக்கும். எனக்கும் இருந்தது. கண்ணாடி ஜாடியில் ஏழு பூக்களோடுதான் நான் தொடங்கினேன். மூன்று மணி நேரம் கழித்து ஏழும் ஒன்றோடொன்று கலந்து, தூரிகை கழுவிய தண்ணீர் தாளில் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் சமையலறையில் கிடந்த ஒற்றைக் கத்தரிக்காயை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒரே வடிவம், பளபளக்கும் தோல், அடர்ந்த நிறம், பச்சைத் தொப்பி. நீர்வண்ணம் நம்மைத் தடுக்கிவிடும் இடங்கள் எல்லாமே அதில் இருக்கின்றன. பூவைப் போல மதியத்துக்குள் தலை சாய்வதும் இல்லை.

காசு செலவழிக்க வேண்டிய இடம் தாள்தான். வண்ணமும் தூரிகையும் சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம். முதல் சில மாதங்கள் சாதாரண ட்ராயிங் நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, என் கைக்கு இது வராது என்றே முடிவு கட்டியிருந்தேன். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள முழுப் பருத்தித் தாள் ஒன்று கிடைத்த அன்று அதே கை வேறு மாதிரி வரைந்தது. நல்ல தாளில் பசை ஏற்றியிருப்பார்கள். அதனால் தண்ணீர் உடனே உள்ளே போய்விடாமல் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் நாம் வேலை செய்யும் நேரம். வழவழப்பான ஹாட் பிரஸ், சொரசொரப்பான ரஃப், இரண்டுக்கும் நடுவில் கோல்ட் பிரஸ் என்று மூன்று வகை உண்டு. தொடக்கத்துக்குக் கோல்ட் பிரஸ் போதும். நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டுப் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வண்ணம் நாலே நாலு: எலுமிச்சை நிறத்தை ஒட்டிய ஒரு குளிர்ந்த மஞ்சள், குவினாக்ரிடோன் ரோஸ் என்ற இளஞ்சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பர்ண்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. டியூப்பில் உள்ள பெயரை நம்பாதீர்கள், பின்பக்கத்தில் சின்னதாக அச்சிட்டிருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். அல்ட்ராமரின் என்றால் பிபி29, ரோஸ் என்றால் பிவி19. அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் பிஆர்83 இருந்தால் வேண்டாம், வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும். கறுப்பு வாங்கத் தேவையில்லை. அல்ட்ராமரினும் பர்ண்ட் சியன்னாவும் கெட்டியாகச் சேர்ந்தால் எந்த டியூப் கறுப்பையும்விட உயிருள்ள ஒரு கருமை கிடைக்கும். நுனி கூரான 8ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று, பழைய தூரிகை ஒன்று, தண்ணீர் இரண்டு கிண்ணம். ஒன்று கழுவ, ஒன்று சுத்தமாக வைத்திருக்க. சாமான் இவ்வளவுதான்.

கத்தரிக்காயை ஜன்னல் பக்கம் வைத்து, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் இருந்தால் இரண்டு நிழல் விழும், அதோடு தலைவலியும் வரும். பென்சிலால் வெளிக்கோட்டை லேசாகப் போடுங்கள். அப்புறம் பளபளப்பு விழும் இடத்தின் எல்லையையும் வரைந்துவிடுங்கள், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நன்றாக உற்றுப் பார்த்தால் அது வெறும் வெள்ளைப் பொட்டு இல்லை, உங்கள் ஜன்னல். காயின் வளைவோடு தானும் வளைந்து, சில நேரம் நடுக்கம்பிகூடத் தெரியும். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1502இல் வரைந்த முயலின் கண்ணிலும் இப்படி ஒரு ஜன்னல் மின்னும். வியன்னாவில் அல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கும் படம் அது. அதில் அவர் வெள்ளை நிறத்தையும் பூசியிருக்கிறார், ஆகவே நீர்வண்ணத்தில் வெள்ளை தொட்டால் குற்றம் என்பவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் முதல் பத்துப் படங்களுக்குத் தாளின் வெள்ளையையே நம்புங்கள். மேலே பூசிய வெள்ளை அந்த அளவுக்கு ஒளிராது.

இனி நிறம். ரோஸையும் அல்ட்ராமரினையும் சேர்த்து ஊதா கலக்குங்கள். போதும் என்று தோன்றுவதைப்போல இரண்டு மடங்கு கலக்குங்கள். பாதிக் காயில் வண்ணம் தீர்ந்து, மறுபடி கலக்கி வருவதற்குள் பூசிய ஓரம் காய்ந்து கோடாக நின்றுவிடும். முதல் பூச்சு வெளிறலாக, ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு, காய் முழுக்க. அது நன்றாகக் காயட்டும்.

இரண்டாவது பூச்சில்தான் விஷயமே இருக்கிறது. இப்போது ஊதா கெட்டியாக இருக்க வேண்டும். ஈரத்தில் பார்க்கும்போது ஐயோ, கறுத்துப்போய்விட்டதே என்று பயம் வர வேண்டும். நீர்வண்ணம் காயும்போது வெளுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரிந்த நிறம் காய்ந்தபின் சோகையாக இருக்கும். என் முதல் ஐந்து கத்தரிக்காய்களும் அப்படிச் சோகை பிடித்தவைதான்.

பூசியதும் தலையைச் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து தாளைப் பாருங்கள். முதலில் தண்ணீர் குளமாக நிற்கும், அப்போது எதைப் போட்டாலும் மிதந்து போய்விடும். சற்று நேரத்தில் குளம் வடிந்து, சீரான ஒரு மினுமினுப்பு மட்டும் இருக்கும். இதற்காகத்தான் காத்திருந்தோம். அல்ட்ராமரினில் கொஞ்சம் பர்ண்ட் சியன்னா சேர்த்த கெட்டிக் கருமையை எடுத்து, வெளிச்சம் படாத பக்கத்தில் தொட்டு விடுங்கள். அது தானே பரவி, ஓரம் மெத்தென்று கரையும். அடி விளிம்பை ஒட்டி மெல்லிய ஒரு பட்டையை மட்டும் விட்டுவிடுங்கள், மேஜையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் அங்கே இருக்கும். அதை ரொம்ப வெளிச்சமாக்கினால் காய் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

அடுத்து மினுமினுப்பு மங்கும். காய்ந்துவிட்டது போலவே இருக்கும், ஆனால் விரலின் பின்பக்கத்தால் தொட்டால் சில்லென்று இருக்கும். இந்தக் கட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். இங்கேதான் எல்லோரும், ‘இன்னும் ஒரே ஒரு தொடுகை’ என்று ஈரத் தூரிகையை வைக்கிறோம். வைத்த தண்ணீர் பாதி காய்ந்த நிறமியைச் சுற்றிலும் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் மாதிரி ஓரம் சுருண்ட ஒரு கறையை விடும். கணக்கு எளிது: தூரிகையில் இருக்கும் ஈரம் தாளில் இருக்கும் ஈரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தூரிகையை ஒரு துணியில் ஒற்றிவிட்டு வைக்கப் பழகினாலே பாதிக் கறைகள் வராது. மீறி வந்துவிட்டால் அப்போதே தேய்க்க வேண்டாம். முழுக்கக் காய்ந்தபின் ஈரத் தூரிகையால் வருடி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அல்ட்ராமரின் ஓரளவு விட்டுக்கொடுக்கும். தாலோ நீலமாக இருந்தால் தாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வராது.

ஜன்னலின் ஓரங்களைப் பொறுத்தவரை, பளபளப்பான தோலில் அவை கூர்மையாகவே இருக்கட்டும். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் ஈரத் தூரிகையால் இளக்கிவிட்டால் வளைவு தெரியும். இதே பழக்கத்தில் பீச் பழம் வரைந்து ஏமாந்திருக்கிறேன். அதன் தோலில் ரோமம் இருப்பதால் கூரான பளபளப்பே கிடையாது, எல்லா ஓரமும் கரைந்துதான் இருக்கும். பொருள் வழவழப்பா, மங்கலா என்பதைச் சொல்வது நிறத்தைவிட ஓரம்தான்.

தொப்பிக்கு மஞ்சளும் அல்ட்ராமரினும், துளி பர்ண்ட் சியன்னா. டியூப்பிலிருந்து நேராக வரும் பச்சை எந்தச் செடியிலும் இல்லை. காய் காய்ந்தபின் பூசுங்கள். நிழலை ஒரே மூச்சில் போட்டுவிட வேண்டும். காயை ஒட்டிய இடத்தில் அடர்த்தியாக, விலக விலக வெளிறி ஓரம் கரைந்து. அதில் கொஞ்சம் ஊதாவும் கலந்திருக்கட்டும். வெறும் சாம்பல் நிழல் மேஜையில் விழுந்த அழுக்கு மாதிரி தெரியும்.

வெளியே போய்ச் செடியை வரைவதும் இதே வேலைதான், ஆனால் அங்கே நம் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை நகர்கிறது. இலைகளில் மூழ்கிவிட்டு நிமிர்ந்தால் நிழல் வேறு எங்கோ இருக்கும். அதனால் நிழலின் எல்லையை முதலிலேயே பென்சிலில் குறித்துவிட்டு, அப்புறம் அது எங்கே போனாலும் கண்டுகொள்ளாதீர்கள். பூ இருந்தால் பூ முதலில், தண்டும் தொட்டியும் பிறகு. தாளை வெயிலில் வைக்காதீர்கள். வெள்ளைத் தாளின் கூச்சத்தில் மினுமினுப்பும் தெரியாது, நிறத்தின் அளவும் தப்பும்.

புதரைப் பார்த்ததும் ஒவ்வொரு இலையாக எண்ணிப் போடத் தோன்றும். மாறாக, மொத்தத்துக்கும் வெளிறிய மஞ்சள் பச்சை ஒன்றைப் பூசிக் காயவிட்டு, இலைகளுக்கு இடையிலுள்ள இருட்டை மட்டும் அடர்பச்சையில் போடுங்கள். இலை தானாக முன்னால் வந்து நிற்கும். இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போகாதீர்கள், சேறாகும். ட்யூரர் 1503இல் ஒரு பிடிப் புல்லையும் களைச்செடிகளையும் அப்படியே வரைந்திருக்கிறார், ஒவ்வொரு புல்லிதழையும் எண்ணலாம். அது அவருக்கு.

என் கத்தரிக்காயை நான் தூக்கிப் போடவில்லை. ஐந்தாம் நாள் தோல் சுருங்கி, அந்த ஜன்னல் சின்னச் சின்னக் கீற்றுகளாக உடைந்திருந்தது. முன்பு போல வழியவிடும் பூச்சு அதற்குச் சரிவரவில்லை. பழைய தூரிகையைத் துணியில் ஒற்றி, கெட்டி ஊதாவைத் தொட்டு, படுக்கை வாட்டில் தாளின் மேல் இழுத்தேன். தாளின் மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டி, பள்ளங்கள் வெள்ளையாக நின்றன. சுருக்கங்கள் அப்படியே வந்துவிட்டன. இன்றைக்கும் என் சுவரில் மாட்டியிருப்பது அந்தக் கிழட்டுக் கத்தரிக்காய்தான்.