வெளிச்சத்தில் தூங்காத மகள்

ஜூலை தொடக்கத்தில் நார்வேயின் ஆல்டாவிலிருந்து நூர்காப் முனைக்குக் காரில் போனோம். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. இரவு 11 மணிக்கும் 5 வயது மகள், "அம்மா, இன்னும் பகல்தானே?" என்று உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளில் பிள்ளை வாடிப்போனாள். எனக்கு மனசே ஆறவில்லை.

சரி என்று அலுமினியத் தாள் ஒரு சுருள் வாங்கினேன். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, தாளை வைத்துத் துணியால் நீவினால் அப்படியே பிடித்துக்கொள்கிறது, டேப்கூட வேண்டாம். அப்புறமும் கதவிடுக்கிலிருந்து ஒரு கோடு வெளிச்சம், நேராக அவள் தலையணைமேல். துண்டைச் சுருட்டி அடைத்தேன். 7 மணிக்கே விளையாட்டை நிறுத்தி, வழியில் பார்த்த கலைமான்களைப் பற்றி இருட்டில் பேசிக்கொண்டிருந்தோம். எட்டரைக்குள் தூங்கிவிட்டாள்.

மறுநாள், கடல் மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே இறங்கும் சுரங்கப்பாதையில் கடைசிவரை விழித்திருந்து விளக்குகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.