விசுவாசம், கிரியை, ஞானஸ்நானம்: இரட்சிப்பைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரட்சிப்பைப் பற்றிய விவாதங்களில் ஒருவர் எபேசியர் 2:8-ஐயும் (கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு), மற்றவர் யாக்கோபு 2:24-ஐயும் (விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் மனிதன் நீதிமானாக்கப்படுகிறான்), இன்னொருவர் மாற்கு 16:16-ஐயும் (விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்) பிடித்துக்கொண்டு, தத்தம் வசனத்தால் மற்ற இருவருடைய வசனங்களையும் மடக்கப் பார்ப்பதை அடிக்கடி காண்கிறோம். ஒரு வசனம் யாருக்கு, எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்டது என்று கேட்காமல் அதைத் தனியே பிய்த்தெடுப்பதுதான் இவ்விஷயத்தில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். எபேசியரில் "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்பதோடு நிறுத்திவிடுகிறவர், நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10-ஆம் வசனம் சொல்வதை வாசிக்காமல் விட்டுவிடுகிறார்.

பவுலும் யாக்கோபும் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள் என்ற எண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றியது. இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைப்பதால் முரண்பாடு போலத் தோன்றுகிறது. ஆனால் அவர் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தை அவரவர் முன்னிறுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ரோமர் 4-இல் பவுல் நிற்பது ஆதியாகமம் 15-இல்: ஈசாக்கு இன்னும் பிறக்கவில்லை, விருத்தசேதனக் கட்டளையும் வரவில்லை, வாக்குத்தத்தத்தை நம்பியது ஒன்றே ஆபிரகாமுக்கு நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபோ அதே வசனத்தை எடுத்துக்கொண்டு ஆதியாகமம் 22-க்குப் போகிறார்; ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய அந்தச் செயலில் பழைய விசுவாசம் பூரணப்பட்டது என்கிறார். யூதரல்லாதவர்கள் தேவஜனமாவதற்கு நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசேயின் சட்டத்தின், கிரியைகள் தேவையா என்பது பவுலின் கேள்வி. உடுக்கத் துணியும் அன்றாட உணவும் இல்லாத சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் வாழ்த்தி வெறுங்கையோடு அனுப்புகிறவனின் விசுவாசம் அவனை இரட்சிக்குமா என்பது யாக்கோபின் கேள்வி. பிசாசுகளும் தேவன் ஒருவர் என்று நம்பி நடுங்குகின்றன என்று அவர் சொல்லும்போது குறிவைப்பது வெறும் ஒப்புதலைத்தான். பவுலும் அத்தகைய ஒப்புதலை விசுவாசமென்று ஒருபோதும் அழைத்ததில்லை. கலாத்தியர் 5:6-இல் அவர் சொல்வது "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்".

இதற்கு எதிர்ப்புறத்துத் தவறு, செய்த நன்மைகளைக் கணக்கெழுதித் தேவனிடம் நிலுவை கேட்பது. உபவாசம், தசமபாகம், ஊழிய உழைப்பு ஆகியவற்றைக் கூலிக்கான வேலையாக எண்ணுகிறவருக்கு, வேலை செய்கிறவனுக்கு வரும் கூலி கிருபையென்று எண்ணப்படாது என்று ரோமர் 4:4 நேராகவே பதில் சொல்கிறது. இப்படி எண்ணுகிறவர்களில் பலர் உண்மையில் பெருமைக்காரர்கள் அல்லர், போதுமான அளவு செய்துவிட்டோமா என்ற பயத்திலேயே காலங்கழிப்பவர்கள் என்பதால், அவர்களைக் கடிந்துகொள்வதைவிடக் கிருபையைப் பொறுமையாக விளக்குவதே தகும்.

ஞானஸ்நானத்துக்கு வந்தால் குழப்பம் இரட்டிப்பாகிறது. இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளன் ஞானஸ்நானம் பெறாமலே பரதீசுக்குப் போனான், ஆகவே அது அவசியமில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆணியடிக்கப்பட்டு இறங்க வழியில்லாமல் தொங்கியவனை, தண்ணீர் அருகிலிருந்தும் தட்டிக்கழிக்கிறவர் தமக்கு முன்மாதிரியாகக் காட்டுவது நியாயமாகாது. அப்போஸ்தலர் 10-இல், யூதரல்லாத நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் வீட்டில் பரிசுத்த ஆவி முதலில் இறங்கினார். அதைக் கண்ட பேதுரு, இனித் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லாமல், இவர்களுக்குத் தண்ணீரை விலக்கலாமா என்று கேட்டு ஞானஸ்நானம் கொடுக்கக் கட்டளையிட்டார். மறுபக்கத்தில், சடங்கு நடந்தாலே எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்துச் சீமோனைக் கவனிக்க வேண்டும். அவன் விசுவாசித்து ஞானஸ்நானமும் பெற்றான். ஆயினும் ஆவியின் வரத்தைப் பணங்கொடுத்து வாங்கப் பார்த்தபோது, உன் இருதயம் செம்மையாயிருக்கவில்லை என்று பேதுரு அவனைக் கடிந்துகொண்டார். மாற்கு 16:16-இன் பிற்பகுதி ஆக்கினைக்குக் காரணமாக விசுவாசியாமையை மட்டுமே குறிப்பிடுவதையும் கவனிக்கலாம்.

தகுதி வந்தபின் ஞானஸ்நானம் பெறுவேன் என்று ஒத்திப்போடுவதும் பழைய தவறுதான். நான்காம் நூற்றாண்டில், ஞானஸ்நானத்துக்குப்பின் செய்யும் பாவங்களுக்கு அஞ்சிப் பலர் மரணப்படுக்கைவரை தள்ளிப்போட்டார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைனே 337-இல் சாகும் தறுவாயில்தான் பெற்றார். அப்போஸ்தலர் 16-இல் வரும் பிலிப்பி சிறைச்சாலைக்காரனோ ஒரே இரவில் வசனத்தைக் கேட்டான், பவுல், சீலா ஆகியோரின் காயங்களைக் கழுவினான், உடனே வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான், பிறகு அவர்களுக்குப் பந்தி வைத்தான். விசுவாசம், கிரியை, ஞானஸ்நானம் ஆகியவற்றை ஒன்றை முடித்து அடுத்ததற்கு ஏறும் படிகளாக அடுக்கிவைக்கிறவர்கள் அந்த இரவை எந்த வரிசையில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பிற சபையார் நம்புவதைத் தவறாகச் சொல்வதும் பரவலாக இருக்கிறது. கத்தோலிக்கர் கிரியைகளால் மீட்பைச் சம்பாதிக்கலாம் என்கிறார்கள் என்று சொல்பவர்கள், கிருபையில்லாமல் சொந்தக் கிரியைகளால் எவரும் நீதிமானாக முடியும் என்பதை 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் நீதிமானாக்கப்படுதல் பற்றிய தன் முதல் விதியிலேயே கண்டித்ததை அறிவதில்லை. பதினாறாம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதிகள் எல்லாரும் ஞானஸ்நானத்தை வெறும் அடையாளமாக எண்ணினார்கள் என்பதும் சரியல்ல. சுவிங்ளி அந்தப் பக்கம் சாய்ந்தார், ஆனால் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் அது பாவமன்னிப்பை அளிக்கிறது என்றே போதிக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எல்லா வேறுபாடும் அதனால் தீர்ந்துவிடவில்லை என்றாலும், அதற்குப் பின்னும் பழைய பழிச்சொற்களைத் திருப்பிச் சொல்வது நேர்மையாகாது. தண்ணீரின் அளவைப் பற்றிச் சண்டையிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: திதாக்கே என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல் ஓடும் நீரை முதலாவதாகச் சொல்லி, போதிய நீர் இல்லாதபோது தலையில் மூன்று முறை ஊற்றவும் இடங்கொடுக்கிறது.

இத்தவறுகளில் மிகவும் புண்படுத்துவது, ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோனவரின் குடும்பத்தாரிடம் அவர் கெட்டுப்போனார் என்று தீர்ப்புச் சொல்வது. ஞானஸ்நானத்தின் அவசியத்தை மிக உறுதியாகப் போதிக்கும் கத்தோலிக்க மறைக்கல்வியே, தேவன் மீட்பைத் திருமுழுக்கோடு (ஞானஸ்நானத்தோடு) இணைத்திருந்தாலும் தாம் அந்த அருட்சாதனத்தால் கட்டுண்டவர் அல்லர் என்று 1257-ஆம் பத்தியில் சொல்கிறது. உயிரோடிருக்கிறவரைத் தாமதமின்றி ஞானஸ்நானத்துக்கு அழைக்க நமக்குக் கட்டளை உண்டு. இறந்தவரைப் பற்றித் தீர்ப்புரைக்கும் அதிகாரம் எந்தப் போதகருக்கும் கொடுக்கப்படவில்லை.