காலிங் கைக்கு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்

தேவகோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் மலேசியாவில் கிள்ளான் பக்கம் ஓர் உணவகத்தில் ஏழு வருடம் ரொட்டி சானாய் (அந்த ஊர்ப் பரோட்டா) வீசினேன். பாஸ்போர்ட் நகல் எடுக்க வரும் பையன்களிடம் "என்ன விசா, தம்பி?" என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. பாதிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "விசாவே வேண்டாமாம் அண்ணே, அங்கே போய் பெர்மிட் போட்டுக்கொள்ளலாமாம்."

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்பது உண்மை. ஆனால் அது ஊர் சுற்றிப் பார்க்க. அந்த முத்திரையோடு ஒரு கடையில் தட்டு கழுவினாலும் குற்றம். கெடு முடிந்தபின் தங்கினால் 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. (ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) வேலைக்கு ஒழுங்கான வழி ஒன்றுதான்: முதலாளி அங்கே அனுமதி வாங்கி, காலிங் விசா (உங்கள் பெயருக்கு வரும் வேலை அழைப்பு அனுமதி) இங்கே வந்து, அதில் நீங்கள் இறங்கி, பிறகு பெர்மிட் (வேலை அனுமதி).

ஆகவே முதல் வேலை, ஏஜண்டிடம் காலிங்கைக் கேட்பது. செல்போனில் காட்டினால் போதாது. தாளாக வாங்கி உட்கார்ந்து படியுங்கள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். அடுத்து முதலாளி யார், எந்தத் துறை என்று பாருங்கள். துறையைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

என் அறையில் தங்கியிருந்த பையன் ஒருவன் அதில்தான் மாட்டினான். பரோட்டா மாஸ்டர் வேலை என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். பெர்மிட்டில் தோட்ட வேலை என்று இருந்தது. காரணம் லெவி. வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு முதலாளி ஆண்டுதோறும் அரசுக்குக் கட்டும் வரி அது. தீபகற்ப மலேசியாவில் உணவகத்துக்கு 1,850 வெள்ளி, தோட்டத்துக்கு 640. நடுவில் நிற்கும் 1,210 வெள்ளி யாரோ ஒருவர் பைக்குப் போனது. ஒரு நாள் இரவு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். அவன் பெர்மிட் போலி அல்ல, தேதியும் முடியவில்லை. ஆனால் மாவு ஒட்டிய கையோடு கல்லின் முன் நின்றான். தோட்டத்தில் இருக்க வேண்டியவன் இங்கே எப்படி என்று கேட்டார்கள். லாரியில் ஏற்றும்போதும் கையைத் துடைத்துக்கொண்டே போனான்.

இந்த லெவியை 2018 ஜனவரியிலிருந்து முதலாளிதான் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பதாக அக்ரிமெண்டில் இருந்தால் அங்கேயே பேனாவை மூடிவிடுங்கள். அடிப்படைச் சம்பளம் சட்டம் சொல்லும் 1,700 வெள்ளிக்குக் குறைந்தாலும் அப்படியே.

ஏஜண்டை விசாரிக்க அவருடைய ஊர்க்காரர்களிடம் போகாதீர்கள். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள், முகம் மாறும். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்கு அரசின் அனுமதி வேண்டும். "திரும்பும் டிக்கெட்டைக் காட்டி டூரிஸ்ட் என்று சொல்லிவிடு" என்று ஏஜண்டு சொல்லிக்கொடுப்பது இந்த அனுமதியைத் தாண்டத்தான். அனுமதியோடு போனால் பத்து லட்சம் ரூபாய் காப்பீடும் கிடைக்கும். இரண்டாண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான்.

போய் இறங்கியதும் முப்பது நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை. பாஸ்போர்ட்டை முதலாளி பெட்டியில் வைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. என்னுடையதை வைத்திருந்தார், நானும் கேட்கப் பயந்தேன்.

முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பதறாதீர்கள். நான் 2016 ஆகஸ்டில் போனேன். 1,000 வெள்ளியில் 280 பிடித்திருந்தார்கள். முதலாளி திருடுகிறார் என்று சண்டைக்குப் போய் அசடு வழிந்தேன். அந்நாட்டு வரிக்கணக்கில் ஒரு காலண்டர் ஆண்டில் 182 நாள் இல்லாதவர் குடியிருப்பவர் அல்ல. அவருக்கு முதல் வெள்ளியிலிருந்தே ஒரே விகிதத்தில் வரி. அப்போது 28 சதவீதம், இப்போது 30. ஜூலைக்குப் பிறகு போகிறவர்கள் எல்லோரும் இதில் விழுவார்கள். ஆனால் அடுத்த ஆண்டும் தொடர்ந்து தங்கினால் முதல் ஆண்டையும் அதோடு இணைத்துக் குடியிருப்பவராகக் கணக்கிட வழி உண்டு. வரிக் கணக்குத் தாக்கல் செய்து, பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம். அதற்குச் சம்பளச் சீட்டு வேண்டும். நான் எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், அதனால் தப்பித்தேன். வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும்போது முதலாளி வரி அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து பதில் வரும்வரை கடைசிச் சம்பளம் நிற்கும். டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள்.

இங்கே இந்தியாவில் வரிக்கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது. வேலைக்காகச் செப்டம்பர் 28க்குள் கிளம்பி, மார்ச் வரை திரும்பாதவர் அந்த ஆண்டு இந்தியாவில் 182 நாளைத் தொடமாட்டார். அப்போது அவர் இங்கே குடியிருப்பவர் அல்ல, அதனால் மலேசியச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. வங்கியில் என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கானது) திறந்து அதில் அனுப்புங்கள், வட்டிக்கும் வரி கிடையாது. உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம், அனுப்பினால் இரண்டு காசு கூடக் கிடைக்கும். ஆனால் நாளை வீடு கட்டும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது.

காலிங், அக்ரிமெண்ட், பாஸ்போர்ட் மூன்றையும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில் மனைவியிடமோ அம்மாவிடமோ இருக்கட்டும். என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை.